சிவிங்கி பெயரில் சிட்டா இல்லை

2022 செப்டம்பர் 17. நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகளை ஏற்றிக்கொண்டு ஒரு ஜம்போ விமானம் குவாலியரில் இறங்கியது. விமானத்தின் மூக்கில் பெரிதாக ஒரு முகம் வரைந்திருந்தார்கள். சிவிங்கி முகமல்ல, புலி முகம். மாப்பிள்ளை அழைப்பு பேனரில் மாமனார் படத்தைப் போட்ட மாதிரி. 70 ஆண்டுகளாகக் காணாமற்போன விலங்கு ஊர் திரும்புகிறது என்று நாடே கொட்டடித்த நாளில், அது எப்படி இருக்கும் என்று பார்த்து வரையக்கூட யாருக்கும் நேரமில்லை. குனோ தேசியப் பூங்காவில் கூண்டு திறந்தது, பிரதமருக்கு அன்று பிறந்தநாள், கையில் கேமரா. படங்கள் நன்றாக வந்திருந்தன.

சிவிங்கி சிறுத்தை அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுத்தை மரம் ஏறும், காட்டில் பதுங்கும், ராத்திரியில் ஊருக்குள் வந்து நாயைத் தூக்கும். சிவிங்கி பட்டப்பகல் பிராணி. வெட்டவெளியில், முழங்கால் உயரப் புல்லில், மேட்டின் மேல் ஏறி நின்று கண்ணுக்கெட்டிய தூரம் பார்க்கும். கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக் கோடு, ஒல்லி இடுப்பு, பாதிக்கு மேல் உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத நகம். கர்ஜிக்கத் தெரியாது. குட்டியை அழைக்கும்போது குருவி மாதிரி கீச்சிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும், ஆனால் சில நூறு மீட்டர்தான். அதற்குள் மான் சிக்கவில்லையென்றால் மூச்சிரைக்க உட்கார்ந்துவிடும். சிக்கினாலும் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வேறு மிருகம் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். எதிர்த்துச் சண்டை போடாது. காலில் அடிபட்டால் அப்புறம் வேட்டை ஏது, சாப்பாடு ஏது என்று அதற்குத் தெரியும். தாய் தனியாகவே குட்டிகளை வளர்ப்பாள். சில நாளுக்கொரு முறை ஒவ்வொன்றாக வாயில் கவ்விப் புதர் மாற்றுவாள். ஆண்கள் வளர்ந்தபின் அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்தே திரியும்.

அப்படிச் சேர்ந்து திரிந்த மூன்று பேர்தான் இந்தியாவில் சுடப்பட்டதாகப் பதிவான கடைசிச் சிவிங்கிகள். 1947-இல், இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் கொரியா சமஸ்தானத்தின் மகாராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ், ராத்திரியில் காரில் போகும்போது விளக்கு வெளிச்சத்தில் அவற்றைச் சுட்டார். மூன்றுமே ஆண், ஒரே ஈற்றுக் குட்டிகள் என்று கருதுகிறார்கள். இந்த வீரத்தை ராஜாவின் செயலாளர் கடிதமாக எழுதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழுக்கே அனுப்பிவைத்தார், பாராட்டு வரும் என்று. இதழாசிரியர்களுக்குக் குமட்டியது. குமட்டியதை அச்சிலும் சொன்னார்கள்.

சுதந்திர இந்தியா வந்தது. 1952-இல் வனவிலங்கு வாரியம் முதல்முறையாக மைசூரில் கூடியது. மத்திய இந்தியாவில் சிவிங்கியைக் காப்பாற்றத் தனி முன்னுரிமை தர வேண்டும் என்று பேசினார்கள். அதே 1952-தான் சிவிங்கி அற்றுப்போன ஆண்டாகவும் அரசுக் கணக்கில் நிற்கிறது. ஒரே ஆண்டில் முன்னுரிமையும் இரங்கலும். நம் ஊரில் முதியோர் உதவித்தொகை உத்தரவு காரியத்தன்று வருவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

'மத்திய இந்தியா' என்று அவர்கள் அடித்துச் சொன்னதைக் கவனியுங்கள். அதே 1952-இல், அதே பம்பாய்க் கழக இதழில், கிர்க்பாட்ரிக் என்பவர் ஒரு குறிப்பு எழுதினார்: சென்னை ராஜ்யம், சித்தூர் மாவட்டத்தில் சிவிங்கி. ஆமாம், நம் சென்னை ராஜ்யம். சித்தூர் அன்று நம்மோடுதான் இருந்தது. கிருஷ்ணகிரியைத் தாண்டிக் குப்பம் பக்கம் போனால் அந்த மாவட்டம். மேற்கே மைசூர்ப் பீடபூமி. அங்கே திப்பு சுல்தான் வேட்டைக்கென்று சிவிங்கிகள் வைத்திருந்தார். 1799-இல் அவர் மாண்டபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவற்றை எடுத்துக்கொண்டு மான் வேட்டையாடியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெலிங்டன் பிரபு. மேற்கே சிவிங்கி, வடகிழக்கே சிவிங்கி, நடுவில் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பாரமகால். முட்புதரும் புல்லும் கல்லாங்குத்தும் நிறைந்த மேட்டுநிலம், புல்வாய் மான் மேயத் தோதான பூமி. இந்த நடுப்பகுதியை மட்டும் சிவிங்கி மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனது என்று ஒருவர் வாதாடினால், அந்தக் காலத்திலேயே கிருஷ்ணகிரியில் சுங்கச்சாவடி இருந்தது என்பதையும் அவர் நிரூபிக்க வேண்டும்.

சென்னைக்கும் சிவிங்கிக்கும் இன்னும் பழைய உறவு உண்டு. சென்னையின் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியைக் காணிக்கையாகக் கொண்டுபோனார். 1764-இல் விண்ட்சரில் அதை ஒரு கலைமானின் மேல் ஏவிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மான் கொம்பால் முட்டி விரட்டிவிட்டது. ஸ்டப்ஸ் என்ற ஓவியர் வரைந்த படம் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது: தலைப்பாகை கட்டிய இரண்டு இந்தியர்கள், அருகில் முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும் சிவிங்கி. பெரிய மனிதர்கள் கூடி நின்று பார்க்க ஒரு சிவிங்கியை அவிழ்த்துவிடுவது 2022-இல் பிறந்த யோசனை அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ததும் புதிதல்ல. அக்பர் காலத்துக்கு முன்பிருந்தே ராஜாக்கள் காட்டுச் சிவிங்கியைப் பிடித்துப் பழக்கினார்கள். கண்ணைக் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றிப் புல்வாய்க் கூட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள். மனிதனைக் கண்டால் ஓடும் மான் மாட்டுவண்டியைக் கண்டு ஓடாது; கட்டை அவிழ்த்தால் முடிந்தது. ஆனால் பிடித்துவைத்தது அடைப்பில் குட்டி போடாது. மொகலாயர் காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறை, 1613-இல், போட்டதாக ஜஹாங்கீர் எழுதிவைத்திருக்கிறார். ஆக, ஒவ்வொரு தலைமுறையும் காட்டிலிருந்தே எடுத்தார்கள். எடுத்து எடுத்துத் தீர்ந்தது. வெள்ளையர் தலைக்கு இவ்வளவு என்று பரிசுப் பணம் வைத்தார்கள். குட்டிக்கு ஒரு விலை, வளர்ந்ததற்கு அதைவிடக் கூட. இந்தியாவில் சிவிங்கி ஒரு மனிதனைக் கொன்றதாக எழுதப்பட்டிருப்பது ஒரே ஒரு தடவை. 1880-இல், விசாகப்பட்டினத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரியை. அதுவும் விஜயநகரம் ராஜா வளர்த்த பிராணி, வேட்டை நடந்துகொண்டிருந்தபோது. கடைசியில் சமஸ்தானங்களுக்குப் பழக்கச் சிவிங்கி கிடைக்காமல், 1918-க்கும் 1945-க்கும் இடையில் ஆப்பிரிக்காவிலிருந்து 200 போல வரவழைத்தார்கள். ராஜாக்கள் கப்பலில் கொண்டுவந்ததை ஜனநாயகம் விமானத்தில் கொண்டுவந்திருக்கிறது. முன்னேற்றம்தான்.

துப்பாக்கிக்கும் வண்டிக்கும் இத்தனை இடம் கொடுத்துவிட்டேன். ஆனால் எனக்குக் கோபம் துப்பாக்கி மேல் அல்ல. சுடப்பட்ட விலங்கு, புல் இருந்தால் திரும்பப் பெருகும். புல்லையே ஒழித்தவன் கையில் இருந்தது துப்பாக்கி அல்ல, பேனா. அந்தப் பேனாவுக்கு மை ஊற்றிய ஊர் எங்கள் ஊர்.

1792-இல் திப்புவிடமிருந்து பாரமகாலைக் கும்பெனி பிடுங்கிக்கொண்டதும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடை அனுப்பினார்கள். கூட வந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தர்மபுரியிலேயே தங்கி வேலை பார்த்தார். ரயத்துவாரி என்று பிற்பாடு மாகாணம் முழுக்கப் பரவிய முறை இங்கேதான் முதலில் ஒத்திகை பார்க்கப்பட்டது. வயல் வயலாக அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, இதற்கு இவ்வளவு தீர்வை. மன்றோ நல்லவர், உழவர் மேல் இரக்கமுள்ளவர் என்பார்கள், இருக்கட்டும். உழவனுக்கு இரக்கம் காட்டிய கணக்கில் மேய்ப்பவனுக்குக் கட்டமே இல்லை. நெல் விளைந்தால் நஞ்சை, கேழ்வரகு விளைந்தால் புஞ்சை, புல் விளைந்தால் ஒன்றும் விளையவில்லை என்று அர்த்தம். ஆயிரம் ஆடும் அதைத் தின்கிற ஓநாயும், புல்வாயும் அதைத் துரத்துகிற சிவிங்கியும், அத்தனைக்கும் சோறு போட்ட நிலம் காகிதத்தில் தரிசு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டு வகை வேறு. அதற்கும் கீழே புறம்போக்கு.

கும்பெனிக்காரன் வரிக்காக வந்தவன். புல்லுக்கு வரி போட முடியாத ஆத்திரத்தில் அப்படி எழுதினான் என்று வைத்துக்கொள்வோம். நாம் எதற்காக அதே பேனாவை அதே மையில் தோய்த்து எழுதிக்கொண்டிருக்கிறோம்? 1985-இல் ராஜீவ் காந்தி அரசு தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைத்தது. ஆண்டுக்கு 50 லட்சம் ஹெக்டேரில் மரம் வைப்பது இலக்கு. 2000-இல் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு வந்தது. செயற்கைக்கோளை மேலே ஏற்றி, படம் பிடித்து, முட்புதரையும் மேய்ச்சல் வெளியையும் வீணான நிலம் என்று வண்ணம் தீட்டினார்கள். மன்றோ குதிரையில் போய்ப் பார்த்ததை இவர்கள் விண்வெளியிலிருந்து பார்த்தார்கள். கண் மட்டும் அதே கண்.

சிவிங்கி விமானம் இறங்கி ஒரு வாரம் கழித்து, 2022 செப்டம்பர் 24-இல், சென்னையை அடுத்த வண்டலூரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. காடும் மரமும் உள்ள பரப்பை 33 விழுக்காடாக்க வேண்டும். குனோவில் புல்வெளி விலங்குக்கு வரவேற்பு. வண்டலூரில் மரக்கன்று விழா. தெருவோரமும் பள்ளி மைதானமும் மரத்துக்கு ஏங்கத்தான் செய்கின்றன. ஆனால் 33-ஐ எட்ட வேண்டிய அதிகாரி எங்கே போவார்? பட்டா நிலத்தில் குழி தோண்டினால் சண்டை. மேய்க்காலில் தோண்டினால் யார் கேட்பது? மாடு கேட்காது. மாடு மேய்க்கும் கிழவர் கேட்பார். அவரைக் கன்றுக்குக் காவல் போட்டுவிடலாம். எஞ்சிய இடத்தைச் சீமைக்கருவேலம் கன்று கேட்காமலே, நிதி கேட்காமலே பார்த்துக்கொள்கிறது. திட்ட இலக்கை ஒழுங்காக எட்டுகிற ஒரே பயனாளி அதுதான்.

விளைவு என்ன? சிவிங்கியின் இரையான புல்வாய் இன்று தமிழ்நாட்டில் கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் கிண்டியிலுமாகச் சுருண்டு கிடக்கிறது. கிண்டி என்றால் ஆளுநர் மாளிகையை ஒட்டிய காடு. வெட்டவெளியில் பிறந்து ஓட வேண்டிய மான் கடைசியில் ஆளுநர் மாளிகைச் சுவரோரம் அடைக்கலம். கானமயில் தமிழ்நாட்டை விட்டுப் போயே போய்விட்டது.

குனோவின் கதை இதைவிடக் கேவலம். அது சிவிங்கிக்கென்று தயாரான இடமே அல்ல. குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களுக்கு இரண்டாவது வீடு வேண்டும் என்று 24 கிராமங்களை அங்கிருந்து கிளப்பினார்கள். பெரும்பாலும் சஹாரியா ஆதிவாசிகள். சிங்கத்தைத் தர மாட்டோம், அது எங்கள் பெருமை என்றது குஜராத். ஆறு மாதத்தில் அனுப்புங்கள் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆப்பிரிக்கச் சிவிங்கியைக் கொண்டுவரும் யோசனையையும் அதே தீர்ப்பு ரத்து செய்தது. அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. 2020-இல் அதே நீதிமன்றம், சரி, பரிசோதனையாகச் சிவிங்கி வரட்டும் என்றது. சிங்கத்துக்காக ஊரை விட்டுப் போனவர்கள் எட்டிப் பார்த்தால், வந்து இறங்குவது வேறு மிருகம்.

2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னும் 12 வந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் வந்தவற்றில் ஆறும், இங்கே பிறந்த குட்டிகளில் மூன்றும் செத்தன. குட்டிகளை மே மாத வெயில் கொன்றது. பெரியவற்றில் சிலவற்றின் சாவைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஜூன், ஜூலை வந்ததும் அவற்றின் உடம்பு, இது தென்னாப்பிரிக்கக் குளிர்காலம் என்று நினைத்து அடர்ந்த ரோமம் வளர்த்தது. வானமோ பருவமழையைக் கொட்டியது. ஈரம் காயாமல், ரேடியோ கழுத்துப்பட்டைக்கு அடியில் புண் வந்து, புழு வைத்து, ரத்தத்தில் நஞ்சேறிப் போயின. அதன்பின் குட்டிகள் பிறந்திருக்கின்றன, பிழைத்து வளர்ந்தும் இருக்கின்றன. அதை நான் மறைக்கவில்லை. இந்தியன் ஆயில் நிறுவனம் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் தருவதாக ஒப்பந்தம் போட்டது. பெட்ரோல் பணத்தில் உலகின் வேகமான தரைப் பிராணி, பொருத்தம்தான்.

பழைய தகடூரான தர்மபுரிக்காரனுக்கு இந்த மாதிரிப் பளபளப்பைப் பார்த்து மயங்கி நிற்கத் தெரியாது. அதியமானின் தூதாகப் போன ஔவை, தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டியபோது, ஆயுதமெல்லாம் அலங்காரமாக இருக்கிறதே என்று புகழ்கிற மாதிரிப் புகழ்ந்துவிட்டு வந்தாள். புகழ்ச்சி புரிய அவனுக்கு எவ்வளவு நேரம் ஆனதோ. அவள் குனோவுக்குப் போயிருந்தால், கழுத்துப்பட்டை பிரமாதம், மின்வேலி பிரமாதம், கண்காணிப்பு அறை பிரமாதம் என்று சொல்லியிருப்பாள். எங்கள் தகடூரில் எல்லாம் மேய்ந்து தேய்ந்த புல்தான் ஐயா என்று தலை குனிந்திருப்பாள்.

தேய்ந்த புல்லையாவது விட்டுவைத்தார்களா? பென்னாகரத்துக் காட்டோரம் ஆலம்பாடி மாடு பெயர்போனது. கல்லுக்காட்டில் ஏர் இழுக்கும், கிடைத்ததைத் தின்னும். பட்டி போட்டுக் காட்டில் மேய்த்து வந்த இனம். 2022 மார்ச் 4-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் எல்லாக் காட்டிலும் மாடு மேயக் கூடாது என்றது. இரண்டு வாரம் போவதற்குள் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. மேய்ப்பவர்கள் மூச்சு விட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. விட்ட மூச்சை மறுபடி இழுத்துக்கொண்டார்கள். சரணாலயத்தை நான் எதிர்க்கவில்லை. காட்டுக்குள் போகாதே என்பவர்கள், காட்டுக்கு வெளியே இருந்த மேய்க்காலைத் தின்றது யார் என்ற கணக்கையும் சேர்த்து வைக்கட்டும் என்கிறேன். பேருந்து நிலையம், விளையாட்டரங்கம், அலுவலகக் கட்டடம், தொழிற்பேட்டை, சோலார் பலகை: எதற்கு இடம் தேடினாலும் முதலில் விரல் போய் நிற்பது மேய்க்கால் மேல்தான். ஆலம்பாடி மாட்டுக்கு மாவட்டத்தில் ஆராய்ச்சி மையம் உண்டு. மேய இடம்தான் ஆராய்ச்சியில் இருக்கிறது.

சிவிங்கி ஒன்று இன்று பாரமகாலுக்கே திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் அல்ல, நடந்து. நேராக கிராம நிர்வாக அலுவலகத்துக்குத்தான் போயாக வேண்டும்.

"என்னா விசயம்?"

"பூர்வீக நிலம் சார். பேரு மாத்தணும்."

"சிட்டா, அடங்கல் கொண்டாந்தியா?"

"அடங்கல்ல 'தரிசு'ன்னு போட்டிருக்கு சார்."

"அப்ப நீ சாகுபடி பண்ணல. என்னா பண்ணுன அங்க?"

"ஓடுனேன் சார். மான் புடிச்சேன். குட்டி போட்டேன்."

"ஓடுனதுக்குத் தீர்வை ரசீது இருக்கா?"

"இல்லைங்க."

"யுடிஆர் நடந்தப்ப எங்க போன? எல்லாரும் வந்து பேர் ஏத்துனாங்களே."

"அதுக்கு முன்னாடியே சுட்டுட்டாங்க சார்."

"அப்ப இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ரெண்டும் வேணும். இ-சேவையில போடு. சர்வர் இருந்தா வரும்."

மனம் தளராமல் அது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போகும். வாசலில் தண்ணீர் பாட்டிலையும் பையையும் சோதிப்பார்கள். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. மனு எழுதிக் கொடுப்பவர், "ஐயா அவர்களின் சமூகத்துக்கு" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு 50 ரூபாய் வாங்கிக்கொள்வார். பதிவு எண் கொடுப்பார்கள். மனு வருவாய்த் துறைக்குப் போய், அங்கிருந்து வனத்துறைக்குப் போய், இது வனநிலம் அல்ல என்று வருவாய்த் துறைக்கே திரும்பி, நில அளவைக்குப் போய், சங்கிலி வந்ததும் ஒரு பதில் தயாராகும்:

மனுதாரர் கோரும் புலம் மேய்க்கால் புறம்போக்கு என அ-பதிவேட்டில் தாக்கலாகியுள்ளது. பொதுநோக்கத்துக்காக வகைமாற்றம் செய்ய முன்மொழிவு நிலுவையில் உள்ளது. புலத்தணிக்கையில் மேற்படி இடத்தில் சீமைக்கருவேல மரங்களும், நட்ட மரக்கன்றுகளுக்கான குழிகளும், ஒரு பெயர்ப்பலகையும் உள்ளன. புல் ஏதும் காணப்படவில்லை. மேலும் மனுதாரர் 1952-ஆம் ஆண்டிலேயே அற்றுப்போனவர் என ஒன்றிய அரசின் ஆவணங்களில் உள்ளதால் மனு ஏற்கத்தக்கதல்ல என முடிவு செய்யப்படுகிறது.

இதே கடிதத்தை ஆலம்பாடி மாட்டின் பெயருக்கும் ஒரு நகல் அடித்து வைத்திருப்பார்கள். ஆண்டை மட்டும் நிரப்பாமல் விட்டிருப்பார்கள்.